ஓர் உறையில் கத்தியும் எழுத்தாணியும்

ஓர் உறையில் இரண்டு கத்தி இராது என்பது நம்மவர் பழமொழி. பங்காளிச் சண்டைக்கும் பதவிப் போட்டிக்கும் அதனை எடுத்தாளுகிறோம். ஆனால், ஒரே உறையில் கத்தியையும் எழுத்தாணியையும் பக்கம் பக்கமாகச் செருகி இடுப்பிலே அணிந்து திரிந்த மனிதர் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். கண்டி இராச்சியத்துப் பிரதானிகளே அவர்கள். அவர்கள் அணிந்த கத்திக்குச் சிங்களத்தில் 'பிஹா கெத்த' என்று பெயர். அந்தக் கத்தியையும், அதன் பிடியையும், அதற்கென்றே செய்யப்பட்ட உறையையும் பற்றி இந்த வாரம் நேயர்களோடு பேசலாம் என்று எண்ணுகிறேன்.

இலக்கிய நிகழ்ச்சியிலே கத்திக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஓலையில் எழுதிய காலத்தில் கத்தி இல்லாமல் இலக்கியம் இல்லை என்பதே என் விடை. ஓலையை வெட்ட வேண்டும், ஈர்க்கை நீக்க வேண்டும், பதப்படுத்தி உலர்த்தி ஒரே அளவாக நறுக்க வேண்டும். அதன் பின்னரே எழுத்தாணி தன் வேலையைத் தொடங்கும். நம் முன்னோர் கையாண்ட மடக்கெழுத்தாணியை நினைத்துப் பாருங்கள். அதன் ஒரு முனை எழுதுவதற்கு, மறு முனையில் உள்ள சிறு கத்தி ஓலையை நறுக்குவதற்கு. யாழ்ப்பாணத்தவர் பனையோலையில் எழுதினர். சிங்களவர் தாளிப்பனையின் அகன்ற ஓலையைப் பதப்படுத்தி எழுதினர். அவர்கள் 'புஸ்கொல' என்பது அதனைத்தான். ஓலை வேறாயினும் தொழில் ஒன்று. கருவியும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, கண்டிப் பிரதானியின் உறையில் எழுத்தாணிக்கும் ஓர் இடம் விட்ட கைவினைஞன், ஆட்சி செய்பவனுக்கு எழுத்தும் வேண்டும் என்ற எண்ணத்தை மரத்திலும் வெள்ளியிலும் செதுக்கி வைத்தான் எனலாம்.

அக்கத்தியின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். அலகு ஒரு சாண் நீளம், அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. முதுகு தடித்தது. பிடியை நெருங்க நெருங்க இன்னும் தடிக்கும். பிடியருகே அலகின் மீது வெள்ளியோ பித்தளையோ பதித்து, 'லியவெல' எனப்படும் கொடி வேலைப்பாட்டைச் செதுக்கியிருப்பார்கள். அலகின் வாலைப் பிடியின் முழு நீளத்துக்கும் நீட்டி, அதன் இரு புறமும் கொம்பையோ தந்தத்தையோ தகடாக வைத்து ஆணி அறைந்து இறுக்குவது ஒரு முறை. பிடியின் தலைப்பு வளைந்து, வெள்ளிக் கவசம் பெறும். இரண்டு பலகைகளை உட்புறம் குடைந்து ஒன்றோடொன்று பொருத்தி உறையைச் செய்வார்கள். அதன் வாய்ப்புறத்தில் வெள்ளிப் பூண். பிடியிலே உள்ள கொடி, பூணிலே தொடர்வது போல் அமைந்திருக்கும். கத்தியை உறையில் இட்டால் இரண்டும் ஒரே பொருளாகத் தோன்ற வேண்டும். உருவினால் இரண்டும் தனித்தனியே முழுமையாக இருக்க வேண்டும். அந்த உறைக்குள் இன்னொரு கத்தி சரியாக இறங்காது. ஒன்றுக்கு ஒன்று என்று அளந்து செய்த வேலை அது.

இவற்றிற் சிறந்தவை அரச பட்டறைகளிலே உருவாயின. கண்டியில் அவற்றைப் 'பட்டல் ஹத்தர', அதாவது நான்கு பட்டறைகள், என்றார்கள். ஆபரணம், மகுடம், பொன்வாள், சிம்மாசனம் என்னும் நான்கின் பெயரால் அவை அமைந்தன. அங்கு பரம்பரையாகப் பணியாற்றியோர் 'நவந்தன்னோ' எனப்பட்ட கம்மாளர். நமது ஐந்தொழிற் கம்மாளரைப் போலவே அவர்களும் விசுவகர்மாவைத் தம் முதல்வராகக் கொண்டவர்கள். தென்னிந்தியாவிலிருந்து கைவினைஞர் காலத்துக்குக் காலம் இங்கு வந்து குடியேறியதும், 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் மதுரை நாயக்கர் உறவினர் என்பதும் நாம் அறிந்தவை. ஆகவே, கண்டிக் கைப்பணியை ஓர் இனத்தின் தனிச் சொத்தாகக் காட்டுவதும், அதை வெறும் இரவல் என்று ஒதுக்குவதும் வரலாற்றுக்குப் பொருந்தா. உலைக்களத்தில் ஊதிய காற்றுக்கு மொழி இல்லை.

உலைக்களம் என்றதும் இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவ நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட வேளையில், 1990களின் முற்பகுதியில், கில் ஜுலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர் அப்பகுதி மலைச்சரிவுகளை ஆராய்ந்தார். மேற்கு நோக்கிய சரிவுகளில் வரிசை வரிசையாகப் பழைய உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே கொண்டு எரிந்தவை அந்த உலைகள். அத்தகைய உலையொன்றை மீண்டும் கட்டி, காற்று வீசும் மாதங்களில் எரித்துப் பார்த்தபோது, அதிலிருந்து உயர்ந்த கரிமம் கொண்ட உருக்கே கிடைத்தது. 1996இல் இந்த ஆய்வு உலகப் புகழ் பெற்ற 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. பருவக்காற்றை நாம் கவிதையிலும் கப்பற் பயணத்திலும்தான் கண்டிருந்தோம். அது இரும்பும் உருக்கியது என்பதை மண் தோண்டியவர்கள் சொன்ன பிறகே அறிந்தோம்.

அதே பலாங்கொடைப் பகுதிக்கு, ஜுலெஃப்புக்குத் தொண்ணூறு ஆண்டுகள் முன்னதாக, வேறொருவர் சென்றிருந்தார். அவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அந்நாளில் அவர் கலை விமர்சகர் அல்லர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளர். கல்லைத் தேடிப் போனவர் கைவினைஞனைக் கண்டார். ஹத்தரபாகே என்ற ஊரில், இரு தோற்பறைகளின் மேல் ஒருவன் ஏறி நின்று மாறி மாறி மிதிக்க, வளைந்த கழிகள் கயிற்றால் அத்தோலை மேலே இழுக்க, அவ்வாறு எழுந்த காற்றிலே இரும்பு உருகக் கண்டார். அலுத்நுவரவில் களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டையும் ஆவாரை மரச் சிராய்களையும் இட்டு, வாயை மூடி, உலையில் வைத்து உருக்காக்கும் முறையையும் பதிவு செய்தார். அத்தொழிலின் கடைசித் தலைமுறையையே அவர் கண்டார். இவ்வகை உருக்கைச் சிங்களத்தில் 'வானே' என்பர். தென்னிந்தியாவிலிருந்து சென்ற இதன் உறவான உருக்கை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றனர். நமது 'உருக்கு', கன்னடத்தின் 'உக்கு' ஆகிய சொற்களின் திரிபே அப்பெயர் என்பது அறிஞர் பலரது கருத்து. மைக்கல் ஃபரடே, மின்சார ஆராய்ச்சியால் புகழடையுமுன், 1819ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜேம்ஸ் ஸ்ரொடார்ட் என்ற கத்தி வினைஞருடன் சேர்ந்து இந்த உருக்கின் இரகசியத்தை அறிய முயன்றார். ஃபரடே ஒரு கொல்லனின் மகன் என்பதும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இனிப் பிடிக்கு வருவோம். தமிழிலே 'கொம்பு' என்ற சொல் தாராளமானது. மாட்டின் கொம்பும் கொம்பு; மானின் கொம்பும் கொம்பு; மரத்தின் கிளையும் கொம்பு. 'கெ', 'கே' என்று எழுதும்போது முன்னால் வளைத்து வைக்கும் குறிகளும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்புதான். ஆனால், பிடி போடும் கைவினைஞனுக்கு மாட்டுக் கொம்பும் மான் கொம்பும் இரு வேறு உலகங்கள். எருமைக் கொம்பு நகத்தின் இனம். உள்ளெலும்பின் மேல் உறையாக வளர்வது. விலங்கு உள்ளளவும் இருப்பது. சூடு காட்டினால் இளகும்; அழுத்தினால் தகடாகும். மான் கொம்போ எலும்பு. ஆண்டு தோறும் விழுந்து முளைப்பது. சூட்டுக்கு அவ்வாறு பணியாது. அரத்துக்கும் வாளுக்கும் மட்டுமே இணங்கும். வெளிப்புறம் கல்லைப் போல உறுதி. நடுவே பஞ்சு போன்ற சோறு. அந்த வெளிப்புறம் தடித்தும் உட்சோறு குறைந்தும் இருந்தால்தான் கத்திப் பிடிக்கு உதவும். அந்த வகையில் உலகத்து மான் கொம்புகளில் மிகவும் போற்றப்பட்டது மரையின் கொம்பு. நமது காடுகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் திரியும் அதே மரைதான்.

கண்டிப் பட்டறை எருமைக் கொம்பையும் யானைத் தந்தத்தையும் விரும்பியது. மரைக் கொம்பைத் தேடியவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம் நடுக்காலம் முதலே கத்திக்குப் பேர்போனது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோசர் இயற்றிய கன்டபரிக் கதைகளிலே, ஆலைக்காரன் ஒருவன் தன் காலுறையில் ஷெஃபீல்ட் கத்தி ஒன்றைச் செருகியிருக்கிறான். 1624இல் அங்குள்ள கத்தி வினைஞர் சங்கம் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற மணிக்கூடு செய்பவர் களிமண் மூசையில் உருக்குச் செய்யும் வழியை அங்கு கண்டார். அதன் பின் ஷெஃபீல்ட் உலகச் சந்தையையே ஆண்டது. அந்நகரின் கத்திகளுக்குப் பிடி போடுவதற்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மரைக் கொம்பு கப்பலேறியது.

ஷெஃபீல்டில் ஒரு கத்தி மூவர் கை மாறி உருவானது. ஒருவர் அலகைக் காய்ச்சி அடிப்பார். ஒருவர் சாணை பிடிப்பார். ஒருவர் பிடி போட்டு முடிப்பார். பிடி போடுபவரின் திறமை பொருத்தம் பார்ப்பதில் இருந்தது. கொம்பைத் தகடுகளாக அறுத்து, நிறத்திலும் வளைவிலும் சொரசொரப்பிலும் இரட்டையர் போன்ற இரண்டைத் தெரிந்தெடுத்து, வாலின் இரு பக்கமும் வைத்து ஆணியால் இறுக்க வேண்டும். மேற்புறத்துச் சொரசொரப்பைச் சீவி அழிக்கமாட்டார்கள். ஈரக் கையிலும் வழுக்காமல் இருப்பதற்கு அதுவே காப்பு. ஓரங்களை மட்டும் அரத்தால் வாலோடு சமப்படுத்தி மெருகேற்றுவார்கள். அலகின் வடிவத்துக்கேற்ப நனைத்து இழுத்துத் தைத்த தோலுறை பின்னர் வரும். கண்டியிலே மரமும் வெள்ளியும் செய்த வேலையை அங்கு தோலும் நூலும் செய்தன.

1850களில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் வேட்டை நூல் இலங்கை பற்றிய ஆங்கில நூல்களிற் பிரபலமானது. நாய்களை ஏவி மரையைத் துரத்தி, அது நீரோடையிலே திரும்பி நிற்கும்போது கத்தியால் முடிப்பது அவரது விளையாட்டு. மரையை அவர்கள் 'எல்க்' என்று பிழையாக அழைத்தனர். விலங்கின் பெயரைக்கூட அறிய விரும்பாத வேட்டை அது. நாகரிகத்தின் சின்னமாக மேசை மேல் இருந்த அழகிய மரைக்கொம்புப் பிடிகளுக்குப் பின்னால் இத்தகைய காடுகளும் இருந்தன.

இதே காலத்தில் கண்டிக் கத்திக்கு என்ன நேர்ந்தது? 1815இல் கண்டி வீழ்ந்தது. கத்தியைப் பரிசாக வழங்கும் அரசன் இல்லை. அதை அணிந்து சபைக்குச் செல்லும் பிரதானியின் மதிப்பும் மெல்ல மாறியது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைகளையொட்டி 1830களின் தொடக்கத்தில் இராஜகாரியம் நீக்கப்பட்டது. கோயிற் காணிகளில் எஞ்சிய ஊழியமும், 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், பணமாக மாற்றக்கூடியதாயிற்று. மலிவான ஐரோப்பிய இரும்பும் உருக்கும் துறைமுகங்களில் வந்திறங்கின. கொல்லன் தெருவில் ஊசி விற்பது நடவாத காரியம் என்பது நமது வழக்கு. ஆனால், விற்றார்கள். கொல்லன் தெருவே வெறிச்சோடிப் போகும் வரை விற்றார்கள்.

இந்த அழிவின் நடுவே நின்று எழுதப்பட்ட நூல்தான் குமாரசுவாமியின் 'இடைக்காலச் சிங்களக் கலை'. 1908இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கண்டிக் கத்திகளைப் பற்றி இன்றும் எவர் எழுதினாலும் முதலில் அதனிடமே செல்ல வேண்டியிருக்கிறது. அதன் நீண்ட தலைப்பிலேயே சமூக அமைப்பைப் பற்றியும் கைவினைஞரின் நிலையைப் பற்றியும் கூறுவதாக ஆசிரியர் அறிவித்துவிட்டார். பொருளை மட்டும் வருணிக்க அவர் உடன்படவில்லை. அவரோடு கிராமங்களில் அலைந்து புகைப்படங்கள் எடுத்தவர் அவரது மனைவி எதெல். பின்னாளில் அவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நெசவுக் கலைஞரானார்.

நூல் அச்சான விதம் ஒரு தனிக்கதை. இங்கிலாந்தில் புறோட் கெம்டன் என்ற கிராமத்தில், குமாரசுவாமியின் வீட்டிலேயே, கை அச்சு யந்திரத்தில் அது அச்சிடப்பட்டது. வெளியானவை 425 பிரதிகள். அந்த யந்திரம், இயந்திர நாகரிகத்தை எதிர்த்துக் கைவினைக்காகக் குரல் கொடுத்த வில்லியம் மொறிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தினது. அதே யந்திரத்திலேதான் 1896இல் சோசரின் படைப்புகள் முழுவதும் அச்சேறின. அதாவது, ஆலைக்காரனின் ஷெஃபீல்ட் கத்தியைத் தாங்கிய அதே யந்திரம், பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் கண்டிக் கத்தியையும் தாங்கியது. வணிகத்தில் ஒன்றையொன்று அழித்த இரு மரபுகள் அச்சிலே ஒரே உறைக்குள் வந்து சேர்ந்தன.

இங்கு ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. குமாரசுவாமி பழைய கைவினைஞனின் வாழ்வை மிக உயர்வாக மதித்தார். அரசனிடமிருந்து நிலம், அந்நிலத்துக்கு ஈடாகப் பணி, அப்பணியிலே மன நிறைவு, நாளைய சோற்றைப் பற்றிய கவலையின்மை என்பது அவர் தீட்டிய சித்திரம். அச்சித்திரத்தில் உண்மை உண்டு. அவசரத்துக்கு விற்க வேண்டிய தேவையில்லாதவனே கத்தியையும் உறையையும் அவ்வாறு ஒன்றுக்கொன்று அளந்து செய்ய முடியும். ஆனால், அதே நிலம் அவனைச் சாதியோடு கட்டிப் போட்டது. கொல்லன் மகன் கொல்லனாகவே இருக்க வேண்டும். தான் செய்த வெள்ளிப் பூணிட்ட கத்தியைத் தன் இடுப்பில் அணியும் அந்தஸ்து அவனுக்கு இல்லை. உறையிலே எழுத்தாணிக்கு இடம் விட்டவன், அந்த எழுத்தாணியால் எழுதப்பட்ட ஏடுகளிலே எத்தனை முறை இடம் பெற்றான்?

மறுபுறம், கைவினைஞனைச் சாதியிலிருந்து சந்தைக்கு விடுதலை செய்ததாகக் கூறும் ஷெஃபீல்டையும் பாருங்கள். அங்கு சாணை பிடித்தவர்கள் கல்லின் தூளையும் உருக்கின் தூளையும் சுவாசித்து நெஞ்சு நோயால் மாண்டார்கள். முள்ளுக்கரண்டிகளைச் சாணை பிடித்தோரிற் பலர் நாற்பது வயதைக் காணவில்லை. 1840களிலேயே அந்நகர மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கண்டியில் பிறப்பு கைவினைஞனைக் கட்டியது. ஷெஃபீல்டில் கூலி கட்டியது. இவற்றில் ஒன்றைப் பொற்காலம் என்று கொண்டாடி, மற்றதை இருட்காலம் என்று தள்ளுவது எளிது. இரண்டு கத்திகளையும் கையில் எடுத்து, இரண்டுக்கும் பின்னாலுள்ள கைகளை நினைப்பதே கடினம். கைப்பணியின் வரலாற்றை எழுதுபவருக்கு அந்தக் கடினம் வேண்டும் என்பது என் கருத்து.

இன்று நிலைமை வேறு. யானைத் தந்த வர்த்தகம் சர்வதேச உடன்படிக்கையால் தடுக்கப்பட்டிருக்கிறது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம் இருக்கிறது. இந்தியா 1998இல் மான் கொம்பு ஏற்றுமதியைத் தடை செய்தது. தானாக உதிர்ந்த கொம்பையும் கொன்று எடுத்த கொம்பையும் சந்தை பிரித்தறியாது என்பதால் இத்தடை நியாயமானதே. கத்தி செய்வோர் இப்பொழுது மாட்டெலும்பைச் சொரசொரப்பாகச் செதுக்கியும், செயற்கைப் பொருள்களைக் கொண்டும் பிடி போடுகிறார்கள். கண்டிக்கு அண்மையில் நத்தரம்பொத்தையிலுள்ள கைவினைக் கிராமத்தில் உலோக வேலை தொடர்ந்து நடந்து வந்திருக்கிறது. வாங்குபவருக்கு அது நினைவுப் பொருள். இடுப்பில் அணியவோ ஓலை நறுக்கவோ அவர் வாங்கவில்லை. கை இன்னும் இருக்கிறது. அந்தக் கைக்கு வேலை கொடுத்த வாழ்க்கை போய்விட்டது. லண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள பெரிய நூதனசாலைகள் கண்டிக் கத்திகளைப் பேணி வைத்திருக்கின்றன. செய்தவர் பெயர் என்ற இடம் மட்டும் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது.

கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்டது. ஆனந்த குமாரசுவாமி பிறந்ததும் அதே ஆண்டிலேதான். அடுத்த முறை நேயர்கள் அங்கு செல்ல நேர்ந்தால், கண்டிக் காலத்து ஆயுதங்களின் முன் சற்று நில்லுங்கள். வெள்ளி வேலையைப் பார்ப்பதற்கு முன், பிடி எந்தக் கொம்பு அல்லது தந்தம் என்று பாருங்கள். பின்னர் உறையின் வாயைப் பாருங்கள். அங்கு இரண்டாவதாக ஒரு சிறு துவாரம் இருந்தால், அது எழுத்தாணிக்கு விட்ட இடம் என்பதை உங்களோடு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தத் துவாரத்தைக் குடைந்தவரின் பெயர் நமக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.